மூன்று தட்டில் முழு வெளிச்சம்

அக்டோபர் 6, திங்கள்

இன்று துட்டி வீட்டில் என் வேட்டி தீப்பிடித்துவிட்டது.

நாளைக்கு இந்த மலை முழுக்க ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லப்போகிறார்கள். சம்பந்தப்பட்டவனும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

புஷ்பலீலாவின் பெரியப்பா காலமாகிவிட்டார். கல்யாணச் சாவுதான். கோயில் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடுமே என்று புதிதாக வேலை பார்த்த டார்ச்சைக் கறுப்புக் கர்ச்சீப்பில் சுற்றி மடியில் செருகியிருந்தேன். உட்கார்ந்து நெளிந்ததில் வயிறு சுவிட்சை மூன்று தரம் அமுக்கியிருக்கிறது. வயிற்றைக் குறை என்று டாக்டர் சொன்னதற்கு இப்படி ஒரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இந்த மாதிரி டார்ச்சுகள் பார்க்கத்தான் சின்னவை. முகத்தில் கறுப்புத் துணியை மூடினால் அது வெளிச்சத்தையெல்லாம் குடித்துச் சூடாகி, கொஞ்ச நேரத்தில் புகையத் தொடங்கிவிடும். போதகர் சரியாக "நித்திய வெளிச்சத்துக்குள் பிரவேசித்த நம் சகோதரர்" என்று ஆரம்பித்தார். என் இடுப்பிலிருந்து புகை கிளம்பியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் "ஸ்தோத்திரம்" என்றாள். அடுத்த நொடி நான் எழுந்து குதித்து, அவிழ்க்கக் கூடாததை அவிழ்த்து, கோடு போட்ட அண்டர்வேரோடு சபை நடுவே நின்றேன். வேட்டி தரையில் கிடந்து பிரகாசித்தது.

யாரும் சிரிக்கவில்லை. துட்டி வீடு அல்லவா. ஒரே ஒருத்தி மட்டும் சிரித்தாள். பெண்கள் பக்கம், தூண் ஓரம், என் சம்சாரம் புஷ்பலீலா. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இடது கை மடியிலேயே கிடந்தது. ஜூன் மாதத்திலிருந்து அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். அதன்பிறகு அவள் பல்லை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 7, செவ்வாய்

வேட்டியில் ஓட்டை ஐம்பது பைசா அளவு. உடம்பில் அதைவிடச் சின்னது. இடம் எழுதத் தேவையில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. கேபிள் இணைப்பு பாதி இடத்தில் செத்துவிட்டது. லைன்மேன் மாரிதுரை பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எனக்கு வேலை இல்லை. என்னைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் வராது.

பெயர் அருமைநாயகம். வயது நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு என்பவர்கள் என் மச்சினன் கட்சி. பஜார் மேட்டில் கேபிள் டி.வி. நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது ஒரு மரியாதைக்கு. எல்லார் கையிலும் போன் வந்தபிறகு அது தானாக உருண்டு கீழே போய்க்கொண்டிருக்கிறது, நான் கூடவே நடக்கிறேன்.

ஆணாகப் பிறந்தால் ஒரு கெட்ட பழக்கம் வேண்டும். மச்சினன் ஞானசிகாமணிக்கு அடுத்தவன் குடும்பம். எனக்கு டார்ச் லைட். வாங்குவேன், பிரிப்பேன், மாற்றுவேன், ஒன்றோடொன்று ஒப்பிடுவேன். பொள்ளாச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்க்கும் இதே நோய். அவர் பஸ் பார்சலில் உதிரிச் சாமான் அனுப்புவார், நான் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எதையாவது கருக்குவேன்.

இப்போது பந்தயம் இரண்டு பேருக்கிடையில். பெரியது, மூன்று செல் போடுவது, கைக்குழந்தை கனம். பெயர் மூத்த மாப்பிள்ளை. ஆள் பெருசு, அலட்டல் அதிகம், சீக்கிரம் சூடாகிவிடுவார், வெளிச்சம் கூப்பிடு தூரத்தோடு சரி. சின்னது ஒற்றைச் செல். இளைய மாப்பிள்ளை. மடியில் புகுந்து மானத்தை வாங்கியவர் இவர்தான். என்றாலும் வேலைக்காரர். (என் நிஜ மாப்பிள்ளை ஹோசூரில் சாதுவாக இருக்கிறார். மகள் ஷெர்லின் இதைப் படிக்க நேர்ந்தால், அம்மா, இது வேறு.)

தூரம் ஒப்பிட ஒரு வெள்ளைச் சுவர் வேண்டும். பச்சைத் தேயிலையில் அடித்தால் வெளிச்சம் காணாமல் போய்விடும். என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஏழாம் நம்பர் லைனில், அதாவது எஸ்டேட் வீட்டு வரிசையில், சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. அது ஞானசிகாமணி வீட்டுச் சுவராக அமைந்தது பூகோளம் செய்த வேலை. அங்கே என் சம்சாரம் இருப்பது அதற்கு மேல் தற்செயல்.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். பள்ளம் குறுக்கே கிடக்கிறது. மலையைச் சுற்ற வேண்டும். சோலை வழி, யானை வழி, இந்த மழையில் ஜீப்காரன் முகம் சுளிப்பான். கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தூரம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வேட்டி நினைவு இன்னும் சபையை விட்டு நீங்கியிருக்காது.

அக்டோபர் 15, புதன்

இளைய மாப்பிள்ளைக்கு மொட்டை போட்டேன்.

எல்.இ.டி.யின் தலையில் கண்ணாடி மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிளேடால் பக்குவமாகச் சீவிவிட்டால் மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் பாய்கிற தூரம் கூடிவிடும். பழனி ஏறாமலேயே மொட்டை. ஏற்கனவே இரண்டு எல்.இ.டி.க்கு உயிர் போய்விட்டது. மூன்றாவது பிழைத்தது. செல்லுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கிலும் செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். கரண்டு ஸ்பிரிங்கில் சுற்றிச் சுற்றி நேரத்தைக் கடத்தாமல் நேராக வரும்.

சிக்கந்தர் போனில் கேட்டார்: "அண்ணே, இப்ப எம்புட்டு தூரம் போகுது?"

"ஏழாம் நம்பர் சுவத்துல ஜன்னல் கம்பிய எண்ணலாம் போலிருக்கு பாய்."

"எண்ணினீங்களா?"

"ஜன்னல் சாத்தியிருந்துது."

பாய் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்தார். பிறகு, "ரிஃப்ளெக்டரைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க" என்றார். நல்ல மனிதர். அறுந்த நூலை எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்.

அக்டோபர் 18, சனி

மூடுபனி. மாடிக்குப் போய் அடித்தேன். வெளிச்சம் நாலடி போய் முட்டிக்கொண்டு திரும்பி என் மூஞ்சியிலேயே விழுந்தது. இறங்கிவிட்டேன். மத்தியானச் சோறு மிஞ்சியிருந்தது. அதிலேயே தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஊறுகாய் தீர்ந்துவிட்டது. புதுசு எந்த மாதம் போடுவாள் என்று தெரியவில்லை. அதையெல்லாம் நான் கவனித்ததில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மாரிதுரை ஏழாம் நம்பரிலிருந்து செய்தி கொண்டுவந்தான். நான் கேட்கவில்லை. நான் கேட்காததை அவன் வரிசையாகச் சொன்னான். ஞானசிகாமணி மகளை இந்தச் சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை கோத்தகிரியில் வேலை. அக்கா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அக்காதான் அங்கே சமையல். எல்லாம் ஒற்றைக் கையால்தான்.

"ஏன், மத்தக் கைக்கு என்ன?" என்றேன்.

மாரிதுரை என்னைப் பார்த்தான். பிறகு டூல் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்குரூ டிரைவர்தான் இருக்கிறது.

நவம்பர் 1, சனி

ஐயோ.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன். நேற்று ஒரு வார்த்தையோடு நோட்டை மூடிவிட்டேன். பயத்தால் இல்லை. கொஞ்சம் பயத்தாலும்தான்.

இளைய மாப்பிள்ளையின் டிரைவர் போர்டு, அதாவது வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்துகிற சில்லு, ஒரு சின்ன நியதியில் ஓடுகிறது. ஒரு தட்டு தட்டினால் சின்ன வெளிச்சம். இரண்டாம் தட்டு நடுத்தரம். மூன்றாம் தட்டு முழு வெளிச்சம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒருமுறை அணைந்து எரியும். நேற்று ரிஃப்ளெக்டரையும் பெருசாக்கி முடித்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போய் வெள்ளைச் சுவரைக் குறிபார்த்துத் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. சுவர் பால் மாதிரி பளிச்சென்றது. ரிஃப்ளெக்டர் திருப்தியாக இல்லை. கழற்றி மாட்டி மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் ஒருதரம்.

எங்கள் மலையில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து மூன்று முறை டார்ச் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: உங்கள் பாதையில் யானை நிற்கிறது, வெளியே வராதீர்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மனிதன் ரிஃப்ளெக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யானையை எங்கே நினைப்பான்?

ஏழாம் நம்பரில் முதலில் ஒரு தகர டப்பா சத்தம் கேட்டது. பிறகு பத்து டப்பா. பிறகு தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த வெடியெல்லாம் வெடித்தது. கதவுகள் சாத்துகிற சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஏதோ திருவிழா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு முறை அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான் யானை நினைவுக்கு வந்தது.

மற்றதை இன்று காலை மாரிதுரை சொன்னான். பெண் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். டீ குடித்துவிட்டு "போய்ப் பேசிச் சொல்றோம்" என்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்களாம். அதற்குள் யானை. போக முடியவில்லை. ஒன்பது பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஞானசிகாமணியின் லுங்கி. அரிசி பற்றாமல் பக்கத்து வீட்டில் வாங்கி, புஷ்பலீலா ரசம் வைத்து, அப்பளம் பொரித்திருக்கிறாள். பையனின் அப்பா விட்ட குறட்டையில்தான் யானை பயந்து ஓடிவிட்டது என்று லைன் முழுக்கப் பேச்சாம். காலையில் முகம் கழுவி, மறுபடி டீ குடித்து, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு எப்படி இல்லை என்று சொல்வது என்று கூச்சப்பட்டு, சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள்.

ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்திருக்கிறேன். வெளியே சொல்ல முடியாது.

மத்தியானம் போன் அடித்தது. புது நம்பர்.

"நீங்கதானே?"

"யாரு?" என்றேன். இருபத்தாறு வருஷம் கேட்ட குரல்தான். இருந்தாலும் ஒரு கெத்து வேண்டியிருக்கிறது.

"யாருன்னா? ஏழாம் நம்பர் யானை பேசுறேன்."

"லீலா, அது வந்து..."

"பேசாதீங்க. யானையைக் கண்டவன் படபடன்னு அடிப்பான். இது தட்டி, நின்னு, தட்டி, நின்னு, டீ ஆத்துற மாதிரி. இந்த நிதானம் இந்த மலையில ஒரே ஒருத்தருக்குத்தான் உண்டு."

"ஞானசிகாமணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் உங்க வாசல்ல வேற யானை நின்னிருக்கும். நான் சொல்லல."

ஒற்றைக் கையால் ஒன்பது பேருக்கு ரசம் வைத்திருக்கிறாள், காட்டிக்கொடுக்கவில்லை.

"வேட்டி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"தைக்கக் குடுத்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. சிரிப்பா, சலிப்பா, போனில் பிரித்தறிய முடியவில்லை. அப்புறம், "அவ்வளவு தூரத்துக்கெல்லாம் அடிக்கத் தெரியுது உங்களுக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

பாராட்டு! அவள் வாயிலிருந்து! எந்த டார்ச்சையும் அவள் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இளைய மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். தேதி போட்டு வைக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

சிக்கந்தரிடம் சொன்னேன். "அண்ணே, எனக்கென்னவோ அது பாராட்டு மாதிரி தெரியலியே" என்கிறார். அவருக்குப் பொறாமை.

நவம்பர் 8, சனி

போர்டை மாற்றினேன். இனி முதல் தட்டிலேயே முழு வெளிச்சம். யானைக்கு இடமில்லை.

நவம்பர் 12, புதன்

பதில் வந்தது!

சாயங்காலம் சுவரில் ஒரே ஒரு அடி அடித்தேன், நீளமாக. அணைத்தேன். அந்தப் பக்கம் வாசல் விளக்கு அணைந்தது, எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. இரண்டு முறை! நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாசலில் நிற்பதாகவே தெரிந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அந்தத் தூரத்தில் நிறம் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் சிவப்பு. அவளுடைய அந்த ஸ்வெட்டரில் மேல் பட்டன் இருக்காது, ஊக்கு குத்தியிருப்பாள். ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் ஒரு பட்டன் வாங்கி வா என்பாள். நான் செல் வாங்கி வருவேன். குளிர் காலத்தில் விறகடுப்புப் பக்கம் உட்கார்ந்து, என் கையிலிருக்கிற டார்ச்சைப் பார்த்து, "இந்த வெள்ளை வெளிச்சத்துல குழம்பு கூடப் பிணம் மாதிரி இருக்கு" என்பாள். வெள்ளைதான் உயர்ந்த ரகம் என்று நான் விளக்குவேன். மணிக்கணக்கில் விளக்குவேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள்.

பதிலுக்கு நானும் இரண்டு முறை அடித்தேன். மூன்றாவதை அடிக்காமல் கையை இறுக்கிக்கொண்டேன். அவர்கள் வீட்டில் இப்போது கல்யாண வேலை நடக்கிறது, பாவம்.

நவம்பர் 13, வியாழன்

வோல்டேஜ். நேற்று மாலை அந்த நேரம் பஜாரிலும் எல்லா விளக்கும் இரண்டு முறை வெட்டியதாம். பேக்கரிக்காரர் சொன்னார். நான் மாடியில் இருட்டில் நின்றதால் என் வீட்டு விளக்கைப் பார்க்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மாரிதுரை இன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஆற்றினான்.

"அண்ணே, அக்கா ஹோசூர் போகுது. டிசம்பர் ஏழாந்தேதி. ஷெர்லின் பாப்பாவுக்குப் பிரசவம் பார்க்க."

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். எங்கள் விஷயத்தில் தாய் வீடு எது என்று குழப்பமாகிவிட்டது. அதனால் தாய் மகள் வீட்டுக்குப் போகிறாள்.

"பிரசவம் முடிஞ்சதும் வந்துருவா" என்றேன்.

"வராதாம்ணே. இனி மலை ஏறமாட்டேன்னு ஞானசிகாமணி அண்ணன்கிட்ட சொல்லுச்சு. அங்கேயே ஒரு பிளேஸ்கூல்ல ஆயா வேலைக்குச் சொல்லி வச்சிருக்காம்." பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கை இன்னும் சரியா மடங்கலண்ணே. அன்னிக்கு உங்க வீட்டுப் பின்படியில விழுந்துச்சுல்ல. கரண்ட் இல்ல. தீப்பெட்டிய வச்சுக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போச்சாம். லைன்ல எல்லாரும் கேக்குறாங்க, டார்ச்காரர் வீட்டுலயா ஒரு டார்ச் இல்லன்னு."

யார் வீட்டில் டார்ச் இல்லை? எங்கள் வீட்டில் ஒரு மேஜை நிறைய டார்ச் இருந்தது. எல்லாம் பிரித்துக் கிடந்தன, அவ்வளவுதான். ஒழுங்காக இருந்த ஒன்றை நான் தூரம் அடித்துப் பார்க்க மேட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அது மழைக்காலம். ஈரப்படி. யார் வேண்டுமானாலும் விழலாம். ராஜாவும் விழுவான்.

மாரிதுரை டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

நவம்பர் 21, வெள்ளி

ஒன்றும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று ஒரு குறை கண்டுபிடித்தேன். தொழில்நுட்பக் குறை.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. குடத்தை எடுத்துக்கொண்டு இளைய மாப்பிள்ளையோடு பின்படிக்குப் போனேன். தட்டினேன். பள்ளம் தாண்டி ஏழாம் நம்பர் சுவர் தெரிந்தது. சுவரில் மழை வடிந்த கறை தெரிந்தது. பின்படி தெரியவில்லை. டார்ச்சைக் கீழே திருப்பினேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வெள்ளை வட்டம், கண்ணைக் கூசியது. அதைச் சுற்றி இன்னும் கெட்ட இருட்டு. இரண்டாம் படியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். குடம் தனியாக இறங்கிப் போனது.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் படி உடைந்திருக்கிறது. எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. உடைந்த இடத்தில் யாரோ ஒரு தட்டைக் கல்லை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நான் வைக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

சிக்கந்தருக்குப் போன் போட்டேன்.

"பாய், தூரமே போகாத டார்ச் ஒண்ணு பண்ணணும்."

"அண்ணே? உடம்புக்கு ஏதாவது..."

"பரவலா விழணும். மஞ்சளா இருக்கணும். சூடே ஆகக் கூடாது. சுவிட்ச் பட்டாணி மாதிரி மெத்துன்னு இருக்கணும், கையில பலம் இல்லாதவங்களும் அமுக்குற மாதிரி. ஒரே தட்டு, ஒரே வெளிச்சம்."

"யாருக்குண்ணே?"

"பொதுவா."

"பொதுவான்னா சரி" என்றார். எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பிவிட்டுக் காசு எவ்வளவு என்று சொல்ல மறந்துவிட்டார்.

நவம்பர் 29, சனி

ரிஃப்ளெக்டரைத் தூக்கி எறிந்தேன். எறியவில்லை, டப்பாவில் போட்டேன். வெளிச்சத்தைப் பரப்ப மேல்கண்ணாடிக்கு அடியில் ஏதாவது வேண்டும். டிரேசிங் பேப்பர் பொசுங்கியது. பால் கவர் நாறியது. கடைசியில் கடையில் கிடக்கிற செத்த டி.வி. ஒன்றை உடைத்தேன். திரைக்குப் பின்னால் பால்நிறத் தாள் ஒன்று இருக்கும், விளக்கொளியைத் திரை முழுக்க ஒரே சீராகப் பரப்புவதற்கு. வட்டமாக வெட்டி வைத்தேன். தட்டினேன்.

அறை முழுக்க, ஓசையில்லாமல், சாயங்கால வெயில் மாதிரி வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. குழம்பை எடுத்துவந்து காட்டினேன். குழம்பு குழம்பாகவே இருந்தது.

இடது கையால்தான் சோதித்துப் பார்க்கிறேன். குறிப்பாகக் காரணம் இல்லை.

டிசம்பர் 3, புதன்

மாரிதுரையிடம் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலமே திரும்ப வந்துவிட்டது.

"என்னடா சொன்னா?"

"ஹோசூர்ல தெருவெல்லாம் விளக்காம்ணே. இது எதுக்குன்னு கேட்டுச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும்..."

"சொல்லித் தொலை."

"'டார்ச்சுக்கு அத்தனை தூரம் போகத் தெரியுது, அதைப் பண்ணினவருக்குக் கால் இல்லையா'ன்னு கேட்டுச்சு."

டிசம்பர் 4, வியாழன்

நல்ல மழை. போக முடியாது. போவதாக யாரும் சொல்லவுமில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

மழை விட்டுவிட்டது. தையற்காரரிடமிருந்து வேட்டி வந்தது. அழகாக ஒட்டுப் போட்டிருக்கிறார். ஆனாலும் எல்லாருக்கும் தெரியும் இடத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

போனேன்.

பொழுது இறங்குகிற நேரம். வாசலில் ஞானசிகாமணி நின்றிருந்தான். எஸ்டேட் சூப்பர்வைசர், ஊரையே ஆள் எண்ணிக் கணக்கெடுக்கிற பார்வை. "வாங்கத்தான். வழியில யானை ஒண்ணும் நிக்கலியே?" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு என் வேட்டியைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். சிரிக்கத்தான் போயிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் பிளேட் விழுந்த சத்தம் கேட்டது.

புஷ்பலீலா வந்தாள். சிவப்பு ஸ்வெட்டர் இல்லை. நீலம்.

"வந்துட்டீங்க."

"சும்மா இந்தப் பக்கம் ஒரு கம்ப்ளெயிண்ட். படம் வரலன்னாங்க."

"எங்க டி.வி. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"அப்ப சரியாயிருச்சு போல."

டார்ச்சை நீட்டினேன். வாங்கவில்லை. "தண்ணி பிடிக்கணும்" என்று பின்பக்கம் நடந்தாள். நானும் போனேன். அந்த வீட்டுக்கும் பின்படி இருக்கிறது. எங்கள் வீட்டைவிட மோசமான படி. அங்கே நின்று கையை நீட்டினாள். இடது கை. மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. நான் டார்ச்சை அந்தக் கையில் வைத்தேன்.

தட்டினாள். ஒரே தட்டு.

நாலைந்து படியும், அவள் செருப்பும், என் செருப்பும், ஓரத்தில் முளைத்திருந்த பச்சையும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. எதுவும் கூசவில்லை. அவள் கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எம்புட்டு தூரம் போகும்?"

"அஞ்சாறு படி."

"எதிர் மேடு?"

"போகாது."

"நிசமாவா?"

குடியை விட்டுவிட்டேன் என்று சொல்கிற புருஷனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"முன்னாடி போங்க, எப்பவும் போல" என்றாள்.

"நீ போ. வெளிச்சம் உன் கையிலதானே."

அவள் இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் நடை பின்னாலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிறாள். அது கை வலியாலா, எப்போதுமே அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் எனக்கு இத்தனை நாள் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

குழாயடியில் குடம் நிறையும் வரை நின்றோம்.

"பிள்ளை பிறந்து மூணு மாசம் ஆகணும்" என்றாள், குடத்திடம்.

"ஆகட்டும். அப்புறம்?"

"அப்புறம் பார்ப்போம்."

"பிளேஸ்கூல் வேலைன்னாங்க."

"மாரிதுரைக்கு லைன்மேன் வேலை போதாதாக்கும்." குடத்தை நான் தூக்கினேன். தடுக்கவில்லை. "உங்க பின்படியில ரெண்டாவது உடைஞ்சிருக்கு."

"தெரியும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டேன். நல்லவேளை, குடம் கனமாக இருந்தது.

டார்ச்சைத் திருப்பித் தரவில்லை. ஹோசூரில் தெருவெல்லாம் விளக்கு என்று நானும் ஞாபகப்படுத்தவில்லை. கிளம்பியபிறகு பாதை வளைவிலிருந்து பார்த்தேன். படியின் மேல் அதைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அணைக்கவில்லை. சின்னதாக, மஞ்சளாக, ஒரு வட்டம். அவள் காலடி தெரிந்தது. முகம் தெரியவில்லை. அந்த வெளிச்சம் என்னை எட்டவில்லை. எட்டாது. அப்படித்தானே செய்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் போய்விட்டாள். ஷெர்லின் போன் செய்தாள்: "அப்பா, அம்மா வந்துட்டாங்க. பை நிறையத் துணி, மேலாக்க ஒரு டார்ச். எதுக்குன்னு கேட்டா 'உங்க பின்பக்கம் படி இருக்கில்ல'ங்கிறாங்க. நாங்க இருக்கிறது நாலாவது மாடிப்பா, லிஃப்ட் இருக்கு."

இரண்டாம் படிக்குச் சிமெண்ட் பூசினேன். தட்டைக் கல்லை எடுக்க மனம் வரவில்லை. அதன்மேலேயே பூசிவிட்டேன். மூத்த மாப்பிள்ளையையும் இளைய மாப்பிள்ளையையும் செல் கழற்றி டப்பாவில் வைத்தாயிற்று. சாயங்காலம் மாடிக்குப் போனேன். சுவர் வெறும் சுவராக இருந்தது. பழக்கதோஷம், சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

நேற்று எழுதும்போது விட்டுப்போன ஒன்று. ஏழாம் நம்பருக்கு டவுன் பஸ் இருக்கிறது. என் கடை வாசலில்தான் நிற்கும், மச்சினன் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். கால் மணி நேரம். பாதி சீட் காலியாகத்தான் போனது.